பின்னிரவு இருமல்

கும்பகோணத்தில் என் வாலிபப் பிராயத்தில், பின்னிரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே விழித்திருந்தவர்கள் இன்னார் இன்னார் என்று யாராவது ஒரு ஜாபிதா எழுதியிருந்தால், கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வரும் வண்டிக்காரர்களும், ரயிலைத் தவறவிடக் கூடாதே என்று ஸ்டேஷன் பெஞ்சியில் கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கும் பிரயாணிகளும், காபி ஹோட்டல்களில் அடுப்பு மூட்டும் பையன்களும் அடங்கிய அந்த ஜாபிதாவில், எங்கள் வீட்டுத் திண்ணையில் தூணைப் பிடித்துக்கொண்டு முன்புறம் குனிந்து இருமிக்கொண்டிருந்த என் பெயரும் அவசியம் இடம்பெற்றிருக்கும். 1947-ஆம் வருஷத்து ஐப்பசி மழையோடு சாதாரண ஜலதோஷமாக வந்து, ஜலதோஷம் போன பிறகும் தான் மட்டும் போக மனமின்றித் தங்கிவிட்ட இருமல் அது. கோழை அதிகம் வராது. வந்தாலும் நூலாக ஒரு துளி. ஆனால் ஒரு தடவை தொடங்கிவிட்டால் விலா எலும்புகள் கழன்றுவிடுமோ என்று தோன்றும்படி அடுக்கடுக்காக வந்து, கடைசியில் நெஞ்சுக்குள் ஒரு மெல்லிய சீழ்க்கை ஒலியை விட்டுவிட்டு ஓயும். விடியற்காலம் கோயில் மணி அடிக்கும்போது அநேகமாக நான் தூங்கியிருப்பேன்.

பகலில் அந்த இருமலின் சுவடே தெரியாது என்பதுதான் அதன் விசேஷம். பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போய், நாள் முழுவதும் பைல்களோடு மல்லாடி, மாலையில் பொற்றாமரைக் குளக்கரையில் நண்பர்களோடு அரசியல் பேசிவிட்டு வரும் ஒரு குமாஸ்தாவைப் பார்த்து, இவன் இரவில் பாதி நேரம் மூச்சுக்குத் திண்டாடுகிறவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வைத்தியர்களைப் பகலில்தான் பார்க்க முடியும்; பகலிலோ அவர்களுக்குக் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இருப்பதில்லை. மாலையில் இலேசான ஜுரம், படியேறினால் களைப்பு, மாதத்துக்கு மாதம் தளர்ந்துகொண்டே போகும் சட்டை, இவ்வளவுதான் நான் கொண்டுபோகக்கூடிய சாட்சியங்கள். இவற்றை வைத்துக்கொண்டு வாதியின் பக்கம் எந்த நியாயாதிபதியும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

முதல் சிகிச்சை, எல்லா வீடுகளிலும் போல, சமையலறையிலேயே நடந்தது. அம்மா ஆடாதோடை இலையைக் கஷாயம் வைத்துத் தேன் கலந்து கொடுத்தாள். தூதுவளை ரசம் வைத்தாள். சிற்றரத்தைத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு படுக்கச் சொன்னாள். தயிரும் வாழைப்பழமும் எனக்கு விலக்காயின. பிறகு எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரையாக வைத்தியம் பார்த்துவந்த சித்த வைத்தியரிடம் அழைத்துப் போனார்கள். அவர் என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, இது க்ஷயநாடி அல்ல, ஆனால் என்ன நாடி என்று கேட்காதே, எனக்கே பிடிபடவில்லை" என்று சொன்னார். தாளிசாதி சூரணத்தையும் கண்டங்கத்திரி லேகியத்தையும் கொடுத்து, ஒரு மண்டலம் பத்தியம் இருக்கச் சொன்னார். மண்டலம் முடிந்தது, இருமல் முடியவில்லை. அதற்குமேல் மருந்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பின்னால் நான் சந்தித்த பலரும் தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்ட எத்தனையோ சாமர்த்தியங்களைக் கையாண்டபோதெல்லாம் அந்தக் கிழவரின் வார்த்தையை நினைத்துக்கொள்வேன். இல்லை என்று சொல்லவேண்டியதை அவர் சரியாகவே சொல்லியிருந்தார். ஆம் என்று சொல்லவேண்டியது அவருடைய நூல்களில் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆனால் அவர் இல்லை என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையை எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. அந்தக் காலத்தில் இளைஞன் ஒருவன் இருமினால், இளைத்தால், மாலையில் ஜுரம் கண்டால், அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. தாம்பரத்துக்கும் மதனப்பள்ளிக்கும் க்ஷய ஸானடோரியம் தேடிப் போனவர்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்றாவது இருந்தது. போனவர்களில் திரும்பி வந்தவர்களின் கதை அவ்வளவாக இல்லை. தஞ்சாவூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரம் காயாத அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டாக்டர், இரண்டு நுரையீரல்களிலும், முக்கியமாக நடுப்பாகத்திலும் கீழ்ப்பாகத்திலும், கேழ்வரகை இறைத்தாற்போல் சிதறிக் கிடந்த புள்ளிகளை விரலால் சுட்டி, மேலே ஒன்றும் பேசாமல் அதை உறையில் போட்டுவிட்டார். கோழையைப் பல தடவை பரீட்சித்தும் க்ஷயக் கிருமி அகப்படவில்லை. அகப்படாதது கிருமி இல்லாததற்கு அத்தாட்சி ஆகாது என்பது வைத்திய சாஸ்திரத்தின் பழைய விதி. அந்த விதி என் விஷயத்தில் தயவு தாட்சணியமின்றிப் பிரயோகிக்கப்பட்டது. அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்தை அப்போது நம் நாட்டில் நூறு டாக்டர்களிடம் காட்டியிருந்தால், அநேகமாக அத்தனை பேரும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

அமெரிக்காவில் 1943-ஆம் வருஷம் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் அப்பொழுதுதான் எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளுக்கு அபூர்வமாக வரத் தொடங்கியிருந்தது. கிராம் கணக்கில் விலை சொல்வார்கள், தங்கத்தைப் போல. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அந்தக் கிராம்களாக மாறி என் உடம்புக்குள் போயிற்று. ஊசி போட்ட இடம் வீங்கிற்று. காதுக்குள் வண்டு ரீங்காரம் போல ஓர் ஓசை கேட்கத் தொடங்கிற்று. இருமல் மட்டும் தன் வேளை தவறாமல் இரண்டு மணிக்கு வந்துகொண்டிருந்தது.

வியாதியைவிட வியாதியின் பெயர் ஒரு குடும்பத்தை எவ்வளவு சீக்கிரம் மாற்றிவிடுகிறது என்பதை நான் அந்த மாதங்களில் கண்டேன். என் டம்ளரும் தட்டும் தனியாகப் பிறையில் ஏறின. யாரும் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசவில்லை. ஒருநாள் காலை காபி வேறொரு டம்ளரில் வந்தது, அவ்வளவுதான். அத்தையின் பேரக் குழந்தைகள் என்னிடம் கதை கேட்க வருவது நின்றது. வாசற்படி வரை ஓடிவந்து, உள்ளிருந்து கூப்பிடும் குரல் கேட்டுத் திரும்பிப் போவார்கள். என் தங்கைக்கு மாயவரத்தில் முடிவாகும் தறுவாயில் இருந்த சம்பந்தம், ஜாதகம் இரண்டாம் முறை பார்த்ததில் பொருந்தவில்லை என்ற மரியாதையான கடிதத்தோடு முறிந்தது. முதல் தடவை பொருந்திய ஜாதகம் இரண்டாம் தடவை ஏன் பொருந்தவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தங்கை மட்டும் அன்று மாலை வழக்கத்துக்கு அதிகமாகவே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆபீஸில் என் நிலைமை வேறு விதமாகச் சிக்கலாயிற்று. லீவு விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டிய மெடிகல் சர்டிபிகேட்டில் வியாதியின் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. அங்கே க்ஷயம் என்று எழுதினால் நீண்ட லீவும், அதன் முடிவில் வேலைக்குத் தகுதியானவனா என்ற விசாரணையும் வரும். இருமல் என்று எழுதினால் ஒரு வாரத்துக்கு மேல் லீவு கிடைக்காது. ஆஸ்துமா என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார்; எபிட்ரின் மாத்திரையும் கொடுத்தார்; அதைச் சாப்பிட்டால் நெஞ்சு சற்று இலகுவாகும், ஆனால் இருந்த கொஞ்சத் தூக்கமும் போய்விடும். ஒரு சர்டிபிகேட்டுக்கும் அடுத்த சர்டிபிகேட்டுக்கும் வியாதி மாறியிருப்பதைக் கண்ட தலைமைக் குமாஸ்தா, "ஏன் ஸார், ஒருத்தருக்கு இத்தனை வியாதியா, இல்லை ஒரு வியாதிக்கு இத்தனை பேரா?" என்று கேட்டார். பரிகாசமாகத்தான் கேட்டார்; என் விசாரத்தின் சாரம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

பெயர் கிடைக்காத வியாதிக்குக் கடைசியாக வந்து சேரும் பெயர் ஒன்று இருக்கிறது. அதையும் கேட்டேன். திருச்சிராப்பள்ளியில் பெரிய பெயர் வாங்கிய ஒரு வைத்தியர், என் ரத்தத்தையும் கோழையையும் புதிதாகப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை என்று கையமர்த்திவிட்டு, இது மனத்தினால் உண்டான வியாதி என்றும், கல்யாணம் செய்துகொண்டால் தானாகவே குணமாகும் என்றும் சொன்னார். மனத்துக்கும் உடலுக்கும் உள்ள சம்பந்தத்தை நான் மறுப்பவன் அல்ல. பல மாதங்களாகத் தூங்காதவனின் மனம் நல்ல ஸ்திதியில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் விளைவைக் காரணமாக மாற்றிச் சொல்வது தர்க்கத்தில் குற்றம் என்று எங்கள் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைவிடக் கொடிய ஓர் அம்சமும் அந்தத் தீர்ப்பில் உண்டு. மற்றப் பெயர்கள் எல்லாம் ஏதோ ஒரு சிகிச்சையைத் தொடங்கி வைக்கின்றன. இந்தப் பெயர் மட்டும் தேடுவதையே நிறுத்தச் சொல்கிறது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, மனசாக இருந்தால் அதற்கும் ஒரு வைத்தியநாதன் இருக்கிறார் என்று சொல்லி என்னை வைத்தீசுவரன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். சித்தாமிர்த தீர்த்தத்தில் ஸ்நானம் செய்து, திருச்சாந்துருண்டையை வாயில் போட்டுக்கொண்டு பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, அங்கே வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே எல்லா வாசல்களையும் தட்டிவிட்டு வந்தவர்கள் என்று தெரிந்தது. குணமாகாவிட்டாலும் எனக்கு அன்று கூட்டம் கிடைத்தது. அது அற்பமான லாபம் அல்ல.

1950-ஆம் வருஷத் தொடக்கத்தில், க்ஷயமாகவே இருக்கட்டும், அதையாவது நிச்சயமாகச் சொல்லட்டும் என்ற வைராக்கியத்தோடு மதனப்பள்ளிக்குப் புறப்பட்டேன். விழுப்புரத்தில் வண்டி மாறி, காட்பாடி, பாகாலா வழியாக அந்தச் சின்ன ரயில் ஊர்ந்து போகும்போது, நெல்வயலையும் வாய்க்காலையும் தவிர வேறொன்றைக் காணாத என் கண்ணுக்குக் கற்பாறைக் குன்றுகளும் சீத்தா மரங்களும் வேறொரு தேசமாகத் தோன்றின. கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், மதனப்பள்ளிக்கு வெளியே, பல கிறிஸ்தவ மிஷன்கள் கூடி நடத்திவந்த ஆரோக்கியவரம் ஸானடோரியம் அப்பொழுது தென்னிந்தியா முழுவதற்கும் க்ஷயரோகிகளின் கடைசிப் புகலிடமாக இருந்தது. நீண்ட தாழ்வாரங்களும், அவற்றில் வரிசையாகக் கட்டில்களும், அவற்றின்மேல் பேசுவதற்குக்கூட அனுமதி இல்லாத ஓய்வு வேளைகளில் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் மனிதர்களுமாக இருந்த அந்த இடத்தில் நானும் ஒரு கட்டிலுக்கு உரியவனாகப் போகிறேன் என்று நினைத்தபோது, ஆச்சரியமாக, எனக்குப் பயம் தோன்றவில்லை. பெரிய நிம்மதிதான் தோன்றிற்று.

என்னைப் பரீட்சித்த டாக்டர் இளைஞர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். எக்ஸ்ரே படத்தை அவர் கேட்டார். ஆனால் உடனே அதைப் பார்க்கவில்லை. "இருமல் எத்தனை மணிக்கு வரும்?" என்று முதலில் கேட்டார். இத்தனை காலத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். சொன்னேன். எந்த ஊர், சமுத்திரக் கரைக்கு எவ்வளவு தூரம், வீட்டில் வேறு யாருக்காவது இருமல் உண்டா, கோழையில் எப்போதாவது ரத்தம் கண்டதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, என் விரல் நுனியைக் குத்தி ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை அவரே என்னைக் கூப்பிட்டுப் மைக்ராஸ்கோப்பின்மேல் குனியச் சொன்னார். நீலமும் ஊதாவும் கலந்த புள்ளிகளுக்கு நடுவே, செந்நிறக் குருணைகள் நிறைந்த வட்டங்கள் எங்கே பார்த்தாலும் தெரிந்தன. "ஆரோக்கியமான மனிதனுடைய வெள்ளை அணுக்களில் நூற்றுக்கு ஆறுக்கு மேல் இவை இருக்கக் கூடாது, உமக்குப் பாதிக்கு மேல் இவைதான்" என்றார். எத்தனையோ பேர் என் ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். வெள்ளை அணுக்களை வகைப்படுத்தி எண்ணிப் பார்க்கும் அளவுக்கு ஒருவருக்கும் பொறுமையோ தேவையோ இருந்ததில்லை.

அவர் சொன்ன கதையை நான் அன்று வாய்பிளந்து கேட்டேன்; பின்னால் புத்தகங்களிலும் தேடிப் படித்தேன். அதே ஆரோக்கியவரத்தில், டென்மார்க் தேசத்தவரான கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர் என்ற டாக்டர், க்ஷயரோகிகள் என்று அனுப்பப்பட்டவர்களில் சிலருக்குக் கோழையில் கிருமியே அகப்படாமலும், எக்ஸ்ரேயில் மட்டும் புள்ளிகள் தெரிந்தும், ரத்தத்தில் இந்தச் சிவப்புக் குருணை அணுக்கள் மட்டுமீறிப் பெருகியும் இருப்பதைக் கவனித்து, பார்ட்டன் என்ற சக வைத்தியரோடு சேர்ந்து 1940-ஆம் வருஷத்தில் 'இந்தியன் மெடிகல் கெஸட்'டில் எழுதினார். க்ஷயத்தைப் போல் வேஷமிட்டு வரும் வேறொரு நோய் இது என்பது அவர்கள் கொண்ட முடிவு. 1943-இல் வைன்கார்ட்டன் என்பவர் இதே நோயுள்ள 81 பேரைப் பற்றி லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் எழுதி, அதற்கு டிராபிகல் ஈஸ்னோபீலியா என்று பெயரிட்டார். ஆக, நான் திண்ணையில் முதல் இரவு இருமுவதற்கு ஏழு வருஷம் முன்பே என் வியாதி அச்சில் ஏறியிருந்தது. கும்பகோணத்துக்கும் மதனப்பள்ளிக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்த அச்சு கடந்து வருவதற்குத்தான் காலம் போதவில்லை.

வைன்கார்ட்டன் அதற்கு மருந்து கண்டுபிடித்ததும் ஒரு தற்செயல். மேகநோயும் (ஸிபிலிஸ்) சேர்ந்திருந்த ஒருவருக்கு, அந்த நோய்க்காகப் பாஷாண (ஆர்ஸெனிக்) மருந்தை ஊசியால் ஏற்றியபோது, அவருடைய இருமலும் இளைப்பும் கூடவே மறைந்தன. என் நரம்பிலும் அதே பாஷாண மருந்தான நியோ-ஆர்ஸ்பெனமினைச் சில நாள் இடைவெளி விட்டு விட்டு ஏற்றினார்கள். மேகநோய்க்காரர்களுக்கென்றே ஏற்பட்ட ஊசி அது என்று உலகம் அறியுமாதலால், என் ஊர்க்காரர் யாராவது அந்தச் சீட்டைப் பார்த்துவிடப் போகிறார்களே என்று, க்ஷயம் என்ற பெயருக்குக்கூடப் பட்டிராத கூச்சத்தை நான் அங்கே பட்டேன். மஞ்சள் நிறமான அந்தத் திரவம் ஏறும்போது தொண்டையில் பூண்டின் வாடை எழும், தலை சுற்றும். ஆனால் இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஓர் இரவு தூங்கி, விழித்துப் பார்த்தபோது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து, இருமல் வந்துவிட்டுப் போனது எனக்குத் தெரியாமலே இருந்துவிட்டதோ என்று பக்கத்துக் கட்டில்காரரை விசாரித்தேன். அவர் இரவெல்லாம் விழித்திருந்தவர். இல்லை என்று தலையை அசைத்தார். அவருக்கு மெய்யான க்ஷயம். தமக்கில்லாத பாக்கியம் எனக்குக் கிடைத்ததை அவர் எவ்வளவு நல்ல மனத்தோடு எனக்குச் சொன்னார் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆவேன். 1879-ஆம் வருஷம் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற இளைஞர், சாயத் தொழிற்சாலைகளில் புதிதாக உண்டாக்கிய இயோஸின் என்ற சிவப்புச் சாயத்தை ரத்த அணுக்களின்மேல் இட்டுப் பார்த்து, அதை ஆவலோடு உறிஞ்சிக்கொள்ளும் ஒரு வகை அணுவை, என் ரத்தத்தில் பெருகியிருந்த அதே சிவப்புக் குருணை அணுவை, தனியாகப் பிரித்து அறிந்தார். அதே எர்லிக்தான் முப்பது வருஷங்களுக்குப் பின், நூற்றுக்கணக்கான பாஷாணக் கலவைகளைச் சலியாமல் சோதித்து, மேகநோய்க்கு ஸால்வர்ஸான் என்ற மருந்தை 1910-இல் உலகத்துக்குக் கொடுத்தார். என் நரம்பில் ஏறியது அதனுடைய திருத்திய உருவம். என் வியாதியைக் காட்டிக் கொடுத்த சாயமும் அதைத் துரத்திய பாஷாணமும் ஒரே மனிதரின் மேஜையிலிருந்து வந்தவை. ஆனால் இரண்டுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் உண்டாகும் என்பது அவருக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. காரணம் தெரியாமலே காரியம் கைகூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

ஆம், காரணம் அப்பொழுதும் தெரியாது. "எதனால் வந்தது?" என்று விடைபெறும்போது கேட்டேன். சிலர் தானியத்துப் பூச்சியால் என்கிறார்கள், சிலர் குடலிலுள்ள கிருமியால் என்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று டாக்டர் சொன்னார். எங்கள் சித்த வைத்தியருக்குப் பின் அந்த வார்த்தையைத் தயங்காமல் சொன்ன இரண்டாவது மனிதர் அவர். தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்துவிடவில்லை, எண்ணினார். இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடியவரே வைத்தியர் என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

ஊருக்குத் திரும்பினேன். உடம்பு தேறிற்று, டம்ளர் மட்டும் பிறையிலிருந்து இறங்க இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. க்ஷயம் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை அத்தை பூஜை அலமாரியில் பத்திரமாக வைத்துக்கொண்டாளே தவிர, குழந்தைகளை என் பக்கம் விடவில்லை. க்ஷயம் என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்தப் புதிய பெயரோ, இல்லாத நோய்க்குச் சூட்டிய பெயராகவே அவளுக்குப் பட்டது. தங்கைக்குச் சிதம்பரத்தில் நல்ல இடம் அமைந்த பிறகுதான் எங்கள் வீடு பழைய வீடாயிற்று.

1956-இல் இருமல் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை எனக்கு வழி தெரிந்திருந்தது. நேரே போய் ரத்தத்தை எண்ணச் சொன்னேன். பாஷாண ஊசிக்குப் பதிலாக ஹெட்ரஸான் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அது அமெரிக்காவில் லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் 1947-ஆம் வருஷம் உருவாகிய யானைக்கால் மருந்து. அந்த ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தவர் நம்முடைய பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கப்பலேறிப் போய், 1948-இல் அந்நிய மண்ணிலேயே காலமான எல்லாப்பிரகட சுப்பாராவ். ஸ்ப்ரூ என்ற வயிற்றுநோய்க்குத் தம் சகோதரர் இருவரைப் பறிகொடுத்து, தாமும் அதே நோயில் விழுந்து எழுந்த அவர், பிற்காலத்தில் அந்த நோய்க்குப் பயன்பட்ட ஃபோலிக் அமிலத்தைத் தயாரிப்பதிலும் முன்னின்றவர். மாத்திரையை விழுங்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. மேகநோய் மருந்து என் இருமலைத் தீர்த்தது தற்செயலாக இருக்கலாம். யானைக்கால் மருந்தும் தீர்க்கிறது என்றால், அது எதைக் காட்டுகிறது?

அந்த வருஷங்களில்தான், தேசிய ஃபைலேரியா (யானைக்கால்) கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இல் தொடங்கியதை ஒட்டி, இரவில் லாந்தர் விளக்கோடு வீடு வீடாக வந்து விரலைக் குத்தி ரத்தம் எடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் பரவியிருந்தது. யானைக்கால் கிருமியின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் பதுங்கியிருந்து, இரவில் கொசு கடிக்கும் வேளையில் தோலடி ரத்தத்துக்கு வருகின்றன. சாக்கடை நீரில் முட்டையிடும் க்யூலெக்ஸ் கொசு அவற்றை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சுமந்து செல்கிறது. கொசுவுக்கும் இந்தக் கிருமிக்கும் உள்ள உறவைப் பாட்ரிக் மான்ஸன் சீனாவில் 1877-ஆம் வருஷமே கண்டுவிட்டார். என் ரத்தத்தையும் எடுத்தார்கள்; உமக்கு யானைக்கால் கிருமி கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் பாதி உண்மை.

மறுபாதி 1958 முதல் 1960 வரையுள்ள மூன்று வருஷங்களில் வெளிவந்தது. மிருகங்களிடமிருந்து எடுத்த ஃபைலேரியாக் கிருமிகளைத் தாமாக முன்வந்த மனிதருக்கு ஏற்றிப் பார்த்த பக்லி என்ற விஞ்ஞானி, அவர்களுக்கு என்னுடையதை ஒத்த வியாதி உண்டாவதைக் கண்டார். சிங்கப்பூரில் தனராஜ் என்ற டாக்டர், இந்நோயாளிகளின் ரத்தத்தில் ஃபைலேரியாவை எதிர்க்கும் சக்தி மிகுதியாக இருப்பதைக் காட்டினார். 1960-இல், நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் என்ற மூவரும், நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர் முடிச்சுகள் ஆகியவற்றிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளில், செத்தும் சிதைந்தும் கிடந்த அந்தக் கிருமிக் குஞ்சுகளையே கண்ணால் கண்டு எழுதினார்கள். சாதாரணமாக இந்தக் கிருமி குடியேறியவர்களின் உடல் அதை ஒருவாறு பொறுத்துக்கொள்கிறது; குஞ்சுகள் ரத்தத்தில் தாராளமாக உலவுகின்றன. என்னைப் போன்ற சிலருடைய உடலோ அவற்றில் ஒன்றைக்கூடப் பொறுப்பதில்லை. நுரையீரலிலேயே மறித்து, லட்சக்கணக்கான சிவப்புக் குருணை அணுக்களை ஏவி அழித்துவிடுகிறது. ரத்தத்தில் கிருமி அகப்படாததற்குக் காரணம் அதுவே. எக்ஸ்ரேயில் தெரிந்த புள்ளிகளும் அந்த யுத்தத்தின் தழும்புகளே. வருஷக்கணக்காக என்னைத் துன்புறுத்தியது என் பலவீனம் அல்ல, என் உடம்பின் அளவுகடந்த எதிர்ப்பு என்று தெரிந்தபோது, என்னை மனநோயாளி என்று சொன்ன திருச்சிராப்பள்ளி வைத்தியரிடம் இருந்த கோபம்கூட எப்படியோ கரைந்துவிட்டது.

எங்கள் தெருவில் யானைக்கால் இல்லாத வீடு குறைவு. வாசலில் ஓடிய திறந்த சாக்கடையைத் தாண்டித்தான் நான் தினமும் ஆபீஸுக்குப் போனேன்; அதன் கரையிலிருந்த திண்ணையில்தான் இரவெல்லாம் கொசுக்கடியோடு இருமினேன்; வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்து எனக்காக இரக்கப்பட்ட எதிர்வீட்டுப் பெரியவருக்கும் எனக்கும் ஒரே கொசு பங்காளியாக இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. நுரையீரலில் தேடினோம், நாடியில் தேடினோம், கிரகங்களில் தேடினோம், மனத்தில் தேடினோம். வாசற்படியில் தேடவேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல எவரும் இல்லை. முனிசிபாலிடியார் சாக்கடையை மூடியிருந்தால், இந்த விஞ்ஞானிகள் அனைவரும் கண்டுபிடிப்பதற்கு முன்பே அந்தத் தெரு குணமடைந்திருக்கும்.

இப்பொழுது காலம் முற்றிலும் மாறிவிட்டது. ஈஸ்னோபீலியா என்ற பெயர் தமிழ்நாட்டில் அறியாத குழந்தை இல்லை. தும்மினாலும் ஈஸ்னோபீலியா, மூக்கடைத்தாலும் ஈஸ்னோபீலியா. ரத்தத்தைப் பார்க்காமலே அந்தப் பெயரைச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுப்பவர்களும், எழுதிக் கொடுக்காமலே வாங்கித் தின்பவர்களும் பெருகிவிட்டார்கள். சென்ற வருஷம் ஒரு பையன், இரவில் இருமுகிறது என்று சொல்லி, நான் சாப்பிட்ட மாத்திரையின் பெயரைக் கேட்டு வந்தான். சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பான். நான் சொல்லவில்லை, ரத்தத்தை எண்ணிக்கொண்டு வா, கோழையையும் பார்க்கச் சொல் என்று வற்புறுத்தி அனுப்பினேன். அவனுடைய சிவப்புக் குருணை அணுக்கள் நூற்றுக்கு நாலுதான் இருந்தன; கோழையில் க்ஷயக் கிருமி இருந்தது. அதற்கு வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடலாம், பையன் தேறிவருகிறான். நான் பட்ட பாட்டுக்கு முற்றும் எதிரான பாடு அது: எனக்கு இல்லாத க்ஷயத்தைக் கொடுத்தார்கள், அவனுக்கு இருந்த க்ஷயமோ என் வியாதியின் பெயரால் மறைந்துவிடப் பார்த்தது. ஆகையால், காரணம் தெரியாத உபாதையோடு என்னிடம் யார் வந்தாலும், என் கதையைச் சொல்வதற்கு முன்னால் அவர்களுடைய கதையைக் கேட்கிறேன். எத்தனை மணிக்கு வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.